ஒரு ஞாயிறு சமையல், 12 டப்பா: தனியா இருக்கறவங்களுக்கு உண்மையில எவ்வளவு மிச்சம்?



ஒரு கிளையண்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிற தம்பி ஒருத்தர் என்கிட்ட வந்து, "சார், மாசம் 2,000 ரூபாய் எஸ்ஐபி போடணும், எந்த ஃபண்ட் நல்லது?"ன்னு கேட்டார். கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். சென்னையில தனி ரூம். ஊர்ல அம்மாவோட செயின் 40,000 ரூபாய்க்கு அடகுல இருக்கு. மாசாமாசம் 400 ரூபாய் வட்டியை மட்டும் கட்டிட்டு வர்றார். அசல்ல ஒரு ரூபாய்கூட குறையல.

ஃபண்ட் பத்தி பேசறதுக்கு முன்னாடி, மூணு மாச யுபிஐ ஹிஸ்டரியை எடுத்துட்டு வரச் சொன்னேன். மாசத்துக்கு சராசரியா 19 சாப்பாட்டு ஆர்டர். பெரும்பாலானது ராத்திரி ஒன்பதரைக்கு மேல போட்டது.

"சமைக்கத் தெரியாதா தம்பி?"

"நல்லாவே தெரியும் சார். ஆனா ஆபீஸ் விட்டு ரூமுக்கு வந்து நின்னா, ஒரு வெங்காயம் உரிக்கக்கூட தெம்பு இருக்காது."

இந்தப் பதிலை நான் சோம்பேறித்தனம்னு எடுத்துக்கல. "வெளியில வாங்காதீங்க, சமைச்சுச் சாப்பிடுங்க"ன்னு அறிவுரை சொல்றது ரொம்ப சுலபம். அந்த அறிவுரை தோத்துப் போற நேரம் எதுன்னா, ராத்திரி 9:40. அந்த நேரத்துல நமக்குத் தேவைப்படறது சமைச்ச சாப்பாடு. சமையல் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இல்ல.

அதனால இந்தப் பதிவுல, தெம்பு இருக்கிற ஒரு நாள்ல மொத்தமா சமைச்சு, தெம்பு இல்லாத ராத்திரிகளுக்காக ஃப்ரீசர்ல வைக்கிற முறையைப் பார்க்கப் போறோம். ரெசிபி சொல்லித்தர நிறைய பேர் இருக்காங்க. நான் ஒரு சிஏ. அதனால கணக்கைத்தான் முழுசா பிரிச்சுக் காட்டப் போறேன். இது யாருக்கு லாபம், யாருக்கு லாபமே இல்லைங்கறதையும் சொல்லிடறேன்.

ஒரு குறிப்பு: கீழே இருக்கிற விலைகள் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்டவை. உங்க ஊர், உங்க கடை விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை மாத்திப் பாருங்க.

1. முதல்ல ஆர்டர் பில்லைப் பிரிச்சுப் பாருங்க

மெனுவுல 180 ரூபாய்னு பார்த்துட்டு ஆர்டர் போடறோம். கடைசியில கட்டறது எவ்வளவு?

சாப்பாட்டு விலை: 180
பேக்கிங்: 15
இந்த ரெண்டுக்கும் சேர்த்து 5% ஜிஎஸ்டி: 9.75
டெலிவரி கட்டணம்: 25
பிளாட்ஃபார்ம் கட்டணம்: 12
கடைசி ரெண்டுக்கும் 18% ஜிஎஸ்டி: 6.66
மொத்தம்: 248.41

கூப்பன்ல ஒரு 40 ரூபாய் குறைஞ்சதுன்னு வைச்சுக்கிட்டாலும் 208. நம்ம கணக்குக்கு 210 ரூபாய்னு எடுத்துக்கலாம். கூப்பன் வேலை செய்யணும்னா குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்கணும்னு சொல்லி, கூட ஒரு குலாப் ஜாமூன் சேர்த்த கதையை நான் கணக்குல எடுக்கல. அது உங்க மனசாட்சிக்கு விட்டாச்சு.

2. 12 டப்பாவுக்கு ஆகற செலவு

ஒரு டப்பான்னா ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கான குழம்பு இல்லன்னா கிரேவி. மூணு வகை, வகைக்கு நாலு டப்பா.

கொண்டைக்கடலை மசாலா (4 டப்பா): கடலை 250 கிராம் 30 ரூபாய், வெங்காயம், தக்காளி 24, எண்ணெய், இஞ்சி பூண்டு, மசாலா 16. மொத்தம் 70.

சாம்பார் (4 டப்பா): துவரம்பருப்பு 200 கிராம் 28 ரூபாய், காய், சின்ன வெங்காயம் 30, தக்காளி, புளி, சாம்பார் பொடி, எண்ணெய் 22. மொத்தம் 80.

சிக்கன் கிரேவி (4 டப்பா): சிக்கன் அரை கிலோ 130 ரூபாய், வெங்காயம், தக்காளி 25, எண்ணெய், மசாலா 25. மொத்தம் 180. சைவம்னா இந்த இடத்துல ராஜ்மா போடுங்க, செலவு இன்னும் குறையும்.

இதுவரைக்கும் 330 ரூபாய். 12 வேளைக்கு அரிசி, வேளைக்கு 80 கிராம் கணக்குல ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு: 60 ரூபாய். கேஸ்: 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய்னு வைச்சா கிலோ சுமார் 63 ரூபாய். மொத்த வேலைக்கும் அரை கிலோவுக்குள்ளதான் செலவாகும். 30 ரூபாய் போட்டுக்கலாம்.

ஆக மொத்தம் 420. பன்னெண்டால வகுத்தா டப்பாவுக்கு 35 ரூபாய்.

பெரும்பாலான வீடியோக்கள் இந்த இடத்துலயே முடிஞ்சிடும். "210 எங்கே, 35 எங்கே!"ன்னு மியூசிக் போட்டுடுவாங்க. ஆனா காஸ்டிங் இன்னும் முடியல.

3. சேர்க்க மறக்கிற செலவு, சேர்க்கக் கூடாத செலவு

சேர்க்க மறக்கிறது ரெண்டு.

முதலாவது, டப்பாவோட விலை. மூடி இறுக்கமா இருக்கிற நல்ல டப்பா ஒண்ணு 50 ரூபாய்னா 12க்கு 600. மாசம் ஒரு தடவை வீதம் ரெண்டு வருஷம் உழைச்சா 24 தடவை. அதாவது தடவைக்கு 25 ரூபாய். தேய்மானம்னு நாங்க சொல்றது இதைத்தான்.

ரெண்டாவது, வீணாகறது. இதுதான் பெரிசு. நான் முதல் தடவை ஆர்வத்துல 20 டப்பா சமைச்சேன். குருமாவுல உருளைக்கிழங்கு போட்டு வைச்சிருந்தேன். ஃப்ரீசர்ல இருந்து எடுத்துச் சூடு பண்ணினா கிழங்கு மணல் மாதிரி உதிருது, குழம்பு தனியா தண்ணி தனியா நிக்குது. கொஞ்சம் எது எந்தத் தேதியில வைச்சதுன்னே தெரியல. 20ல 8 டப்பா குப்பைக்குப் போச்சு. 35 ரூபாய் டப்பா அன்னைக்கு 58 ரூபாய் ஆயிடுச்சு. ஏன்னா வீணான எட்டோட செலவையும் மிச்சம் இருந்த பன்னெண்டுதான் சுமக்கணும்.

அதனால கணக்குல எப்பவுமே பன்னெண்டுல ஒண்ணு வீணாகும்னே வைச்சுக்கோங்க. 420 + 25 = 445. இதைப் பதினொண்ணால வகுத்தா 40 ரூபாய் சொச்சம். கூட தயிர், அப்பளம், இல்ல ஒரு ஆம்லெட்டுக்கு 15 ரூபாய். ஒரு ராத்திரி சாப்பாட்டோட உண்மையான விலை 55 ரூபாய்.

சேர்க்கக் கூடாதது: ஃப்ரிட்ஜ் விலை. ஏற்கெனவே ரூம்ல ஃப்ரிட்ஜ் இருந்து, பாலுக்கும் தயிருக்கும் அது எப்படியும் ஓடிக்கிட்டுதான் இருக்கும்னா, இந்த முடிவால அந்தச் செலவு மாறப் போறதில்ல. மாறாத செலவை முடிவு எடுக்கற கணக்குல கொண்டு வரக் கூடாது. ஆனா ஃப்ரிட்ஜே இல்லாதவங்க, இதுக்காகவே புதுசா ஒண்ணு வாங்கப் போறீங்கன்னா, அப்போ அதோட முழு விலை, கரண்ட் பில் எல்லாம் உள்ளே வரும். உங்க மாச மிச்சம் எவ்வளவுன்னு ரெண்டு மூணு மாசம் வேற வழியில பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஈஎம்ஐல ஃப்ரிட்ஜ் வாங்கி 155 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போறேன்னு கிளம்பாதீங்க.

155 எங்கிருந்து வந்தது? 210ல 55 போக. ஒரு ஆர்டருக்குப் பதிலா ஒரு டப்பா சாப்பிட்டா மிச்சம் 155 ரூபாய்.

4. உங்க நேரத்துக்கு என்ன விலை?

"சார், ஞாயித்துக்கிழமை தூங்கறதை விட்டுட்டு அடுப்படியில நிக்கணுமா?" நியாயமான கேள்வி. அதையும் கணக்கு போட்டுடலாம்.

கடைக்குப் போய் வர 45 நிமிஷம், சமையல் இரண்டரை மணி நேரம், பாத்திரம் கழுவ அரை மணி நேரம். மொத்தம் 3 மணி 45 நிமிஷம். ராத்திரி சூடு பண்ற 10 நிமிஷத்தை நான் சேர்க்கல; ஆர்டர் போட்டுட்டு, டெலிவரி பண்றவர் எங்கே வர்றார்னு மேப்பைப் பார்த்துக்கிட்டு உக்கார்ற நேரம் அதை விட அதிகம்.

மிச்சம்: 11 டப்பா × 155 = 1,705 ரூபாய். 3.75 மணி நேரத்தால வகுத்தா, மணிக்கு 455 ரூபாய்.

இப்போ அந்தத் தம்பியோட சம்பளம்: 32,000. மாசம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னா 234 மணி நேரம். மணிக்கு 137 ரூபாய். ஆபீஸ்ல சம்பாதிக்கிறதை விட மூணு மடங்குக்கு மேல அந்த ஞாயித்துக்கிழமை அடுப்படி கொடுக்குது. இதுக்கு டிடிஎஸ்ஸும் கிடையாது.

5. ஆனா பக்கத்துல நல்ல மெஸ் இருந்தா?

இப்போ தலைப்புக்கு எதிரா ஒரு கணக்கு. உங்க ரூம் பக்கத்துல, நீங்க வர்ற நேரத்துக்கும் திறந்திருக்கிற, வயித்துக்கு ஒத்துக்கற மெஸ் இருக்கு. பார்சல் 100 ரூபாய். அப்போ மிச்சம் 155 இல்ல, வெறும் 45. 11 டப்பாவுக்கு 495 ரூபாய். மணிக்கு 132. அந்தத் தம்பியோட சம்பள ரேட்டுக்கும் கொஞ்சம் கீழேயே வந்துடுச்சு.

இப்படிப்பட்டவங்களுக்குச் சமைக்கப் பிடிக்கும்னா, எண்ணெய், உப்பு கட்டுப்பாடு வேணும்னா செய்யுங்க. பணத்துக்காக மட்டும்னா அவசியமில்ல. சென்னையில 2013ல இருந்து அம்மா உணவகம் இருக்கு. 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம் விலையை எந்த ஃப்ரீசர் டப்பாவும் ஜெயிக்க முடியாது.

அப்போ பாடம் என்ன? டப்பா எதுக்குப் பதிலா வருதோ, அதை வைச்சுத்தான் மிச்சம். டெலிவரி ஆர்டருக்குப் பதிலா வந்தா 155. மெஸ் சாப்பாட்டுக்குப் பதிலா வந்தா 45. வீட்ல தயிர் சாதம் சாப்பிட்டு முடிச்சிருக்க வேண்டிய நாள்ல சிக்கன் டப்பாவைத் திறந்தா மிச்சம் ஒண்ணுமில்ல, கூடுதல் செலவு. அதனால டப்பாவை அலுத்துப் போய் வர்ற ராத்திரிக்குன்னே ஒதுக்கி வையுங்க.

6. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

தாராளமா வைக்கலாம்: கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி, தட்டைப்பயறு மாதிரி பயறு வகைக் குழம்பு. பருப்பு, கூட்டு, கெட்டியான சாம்பார். சிக்கன், மட்டன் கிரேவி. வெங்காயம் தக்காளி வதக்கின மசாலா மட்டும் தனியா. வெந்த இட்லி (பலருக்குத் தெரியாது, ஃப்ரீசர்ல வைச்சு மறுபடி ஆவியில வைச்சா நல்லாவே வரும்). சப்பாத்தியை அரை வேக்காட்டுல எடுத்து, நடுவுல பட்டர் பேப்பர் வைச்சு.

வைக்கக் கூடாது: உருளைக்கிழங்கு போட்ட எதுவும். வேக வைச்ச முட்டை (வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆயிடும், கிரேவியை மட்டும் வைங்க, முட்டையை அன்னைக்கு வேக வைங்க). தயிர் சேர்த்த மோர்க்குழம்பு, தயிர் சாதம். வெள்ளரி மாதிரி தண்ணிக் காய். பீன்ஸ், கோஸ் பொரியல் தண்ணி விட்டுடும்.

ஃப்ரீசரே தேவைப்படாதது: புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி. பிஜில இருக்கறவங்களுக்கு, பொது ஃப்ரிட்ஜ்ல இடம் கிடைக்காதவங்களுக்கு இதுதான் வழி. ஒரு சின்ன ரைஸ் குக்கர் வைச்சுக்க அனுமதி இருந்தா, சாதத்தை மட்டும் வைச்சுப் பிசைஞ்சு சாப்பிட்டுடலாம். 9:40க்கு இதுவும் ஒரு டப்பாதான்.

7. ஞாயித்துக்கிழமை வேலை வரிசை

சனிக்கிழமை ராத்திரி: கொண்டைக்கடலையை ஊற வைங்க. இதை மறந்தா மறுநாள் பிளானே போச்சு. போன்ல அலாரம் வைங்க.

முதல் அரை மணி: மூணு குழம்புக்கும் சேர்த்து வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு ஒரே மூச்சுல நறுக்குங்க. மூணு ராத்திரி தனித்தனியா உரிக்கிறதை விட, ஒரே தடவை கத்தி எடுக்கறதுல நேரம் நிறைய மிச்சம்.

அடுத்து: ஒரு அடுப்புல குக்கர். முதல்ல பருப்பு, அப்புறம் கடலை. இன்னொரு அடுப்புல பெரிய கடாய். கடலைக்கும் சிக்கனுக்கும் தேவையான வெங்காயம் தக்காளி மசாலாவை ஒண்ணா வதக்கி, பாதியா பிரிங்க. ஒரு பாதியில சிக்கன், இன்னொரு பாதி கடலைக்கு. குக்கர்ல பருப்பு வெந்ததும் சாம்பார்.

குழம்பை வழக்கத்தை விடக் கொஞ்சம் கெட்டியா இறக்குங்க. சூடு பண்றப்ப தண்ணி சேர்த்துக்கலாம். கெட்டியா இருந்தா ஃப்ரீசர்ல இடமும் கம்மியா போதும்.

சாதத்தை மட்டும் நான் அன்னன்னைக்கே வைக்கச் சொல்வேன். வந்ததும் குக்கர்ல அரிசியைப் போட்டுட்டுக் குளிக்கப் போனா, வர்றதுக்குள்ள சாதம் தயார்.

8. இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க

ஒரு தடவை ஃபுட் பாய்சன் ஆனா, டாக்டர் ஃபீஸ், மருந்து, ரெண்டு நாள் சம்பள வெட்டுன்னு மொத்த மிச்சமும் காலி. அதனால சில விதிகள்.

ஆற வைக்கிறது: சமைச்சதை அடுப்பு மேலயே மதியம் முழுக்க விட்டுடாதீங்க. 5 டிகிரியில இருந்து 60 டிகிரி வரைக்கும் உள்ள சூடுதான் கிருமி வளர வசதியான இடம். அகலமான பாத்திரத்துல ஊத்தி, சிங்க்ல தண்ணி நிரப்பி அதுல பாத்திரத்தை வைச்சு, ஃபேனுக்குக் கீழே ஆற விடுங்க. 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். நம்ம ஊர் வெயில்ல 1 மணி நேரம்னே வைச்சுக்கோங்க.

சாதம்: மிச்ச சாதத்தை வைக்கறதா இருந்தா இன்னும் கவனம். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்து கொதிக்கிற சூட்டையும் தாங்கும். சாதம் வெளியில இருக்க இருக்க அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வெளியில கிடந்த சாதத்தை "நல்லா சூடு பண்ணிட்டா போதும்"னு நினைக்காதீங்க.

அளவு: டப்பாவுல மேலே ஒரு விரல் அளவு இடம் விடுங்க. குழம்பு உறையறப்ப விரியும். கண்ணாடி டப்பான்னா விரிசலே விடலாம்.

ஒரே நேரத்துல 12 வேண்டாம்: சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர் பெட்டி சின்னது. ஒரே அடியா 12 டப்பாவை உள்ளே அடைச்சா உறையவே ரொம்ப நேரமாகும். 6 டப்பாவை அன்னைக்கே ஃப்ரீசர்ல வைங்க. மீதி 6 கீழ்த்தட்டுல இருக்கட்டும். மறுநாள் காலையில மேலே ஏத்துங்க.

எத்தனை நாள்: மைனஸ் 18 டிகிரி விடாம இருக்கிற ஃப்ரீசர்ல குழம்பு ரெண்டு மூணு மாசம் தாங்கும். நம்ம சிங்கிள் டோர்ல கதவை நாலு தடவை திறந்து மூடினா அந்தக் குளிர் நிக்காது. 4 வாரத்துக்குள்ள முடிச்சுடறதுதான் நல்லது.

டீஃப்ராஸ்ட்: சிங்கிள் டோர்ல ஐஸ் மலை மாதிரி சேரும். டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கினா டப்பாவும் சேர்ந்து உருகும். அதனால ஸ்டாக் முடியற வாரத்துல மட்டும் அமுக்குங்க.

மின்தடை: மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில கரண்ட் போனா ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீங்க. திரும்ப வந்த பிறகு, டப்பாவுல ஐஸ் இன்னும் கட்டியா இருந்தா பிரச்சனை இல்ல. முழுசா உருகி வெதுவெதுப்பா ஆயிடுச்சுன்னா, மனசு கேக்காம மறுபடி உறைய வைக்காதீங்க. அந்தப் பன்னெண்டுல ஒண்ணு கணக்கு இதுக்காகத்தான் வைச்சோம்.

சூடு பண்றது: காலையில கிளம்பறப்ப ஒரு டப்பாவை ஃப்ரீசர்ல இருந்து கீழ்த்தட்டுக்கு மாத்துங்க. மறந்துட்டீங்கன்னா, கட்டியை அப்படியே கடாயில போட்டு, கொஞ்சம் தண்ணி ஊத்தி, மூடி வைச்சு சிம்ல விடுங்க. நடுவுலயும் தளதளன்னு கொதிக்கணும். ஒரு தடவைதான் சூடு. மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது. ஒரு டப்பா ஒரு ஆளுக்குன்னு அளந்து வைக்கச் சொன்னது அதுக்குத்தான்.

9. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர்

கம்பெனி குடோன்ல ஆடிட்டுக்குப் போறப்ப நாங்க பார்க்கிற அதே மூணு விஷயம் உங்க ஃப்ரீசருக்கும் போதும்.

ஒண்ணு, லேபிள். மாஸ்கிங் டேப்ல பேரும் தேதியும் எழுதி ஒட்டுங்க. உறைஞ்சதுக்கு அப்புறம் சாம்பாரும் கடலையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ரெண்டு, முதல்ல வந்தது முதல்ல வெளியே. புதுசைப் பின்னாடி தள்ளி, பழசை முன்னாடி வைங்க.

மூணு, மறுபடி சமைக்க வேண்டிய அளவு. கம்பெனியில ரீஆர்டர் லெவல்னு சொல்வோம். வாரத்துக்கு மூணு டப்பா சாப்பிடறீங்கன்னா, 3 டப்பா மிஞ்சினதும் வர்ற ஞாயிறு சமையல். ஸ்டாக் ஜீரோ ஆகற வரைக்கும் விட்டா, அந்த வாரம் முழுக்க ஆப்புக்கே போயிடுவீங்க.

ஒரு பேப்பர்ல 12 கோடு போட்டு ஒட்டுங்க. டப்பா எடுக்கறப்ப ஒரு கோடு அடிங்க. அவ்வளவுதான் ரெஜிஸ்டர்.

10. மிச்சத்தை அன்னைக்கு ராத்திரியே மாத்துங்க

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைச்சுக்கணும்னா இதை வைச்சுக்கோங்க.

டப்பா சாப்பிட்டதால மட்டும் 155 ரூபாய் சேமிப்பு ஆயிடாது. செலவு ஆகல, அவ்வளவுதான். அந்தப் பணம் அதே சம்பள அக்கவுண்ட்ல கிடந்தா, சனிக்கிழமை ஒரு சட்டையாவோ சினிமாவாவோ மாறிடும். மாசக் கடைசியில "இவ்வளவு கஷ்டப்பட்டும் ஒண்ணும் மிஞ்சலையே"ன்னு தோணும். நிறைய பேர் ரெண்டாவது மாசம் இதை நிறுத்தறதுக்குக் காரணம் சமையல் அலுப்பு இல்ல; பலன் கண்ணுக்குத் தெரியாததுதான்.

அதனால விதி: டப்பாவைச் சூடு பண்ண அடுப்புல வைச்சதும், போனை எடுங்க. ஆப் திறக்கறதுக்குப் பதிலா யுபிஐ திறந்து, 150 ரூபாயைச் சம்பள அக்கவுண்ட்ல இருந்து உங்களோட இன்னொரு அக்கவுண்டுக்கு மாத்துங்க. அந்த அக்கவுண்ட் கார்டு பர்ஸ்ல இருக்கக் கூடாது. கோடு அடிக்கறதும் காசு மாத்தறதும் ஒரே நேரம்.

மாசக் கடைசியில 11 கோடு இருந்தா அங்கே 1,650 ரூபாய் இருக்கணும். இல்லைன்னா டேலி ஆகல. எங்கே விட்டீங்கன்னு தேடுங்க.

11. அந்தத் தம்பி என்ன பண்ணினார்?

அவர் அனுமதியோடதான் எழுதறேன். பேர் வேண்டாம்னார்.

எஸ்ஐபி இப்போ வேண்டாம்னு சொன்னேன். காரணம் சாதாரணம். செயின் மேல வருஷத்துக்கு 12% வட்டி ஓடுது. அந்தக் கடனை அடைச்சா 12% மிச்சம் நிச்சயம். எந்த ஃபண்டும் அப்படி எழுதிக் கொடுக்காது.

மாசம் 400 ரூபாய் வட்டியோட, டப்பா மிச்சம் 1,700ஐயும் சேர்த்து 2,100 ரூபாயா கட்டினா, 40,000 ரூபாய் கடன் 22வது மாசத்துல முடியுது. வட்டி மட்டும் கட்டிக்கிட்டே இருந்தா 22வது மாசமும் 40,000தான். நீங்களும் இதைச் செய்யறதா இருந்தா, பகுதிப் பணம் கட்டினா அசல்ல கழிப்பாங்களான்னு அடகு வைச்ச இடத்துல முதல்ல கேட்டுக்கோங்க. கட்டின ரசீதுல அசல் குறைஞ்சிருக்கான்னும் பாருங்க.

ஏழு மாசம் ஆச்சு. எல்லாம் திட்டப்படி நடக்கல. ஆடிட் சீசன் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவருக்கு லீவு இல்ல. ஃப்ரீசர் காலி, ஆர்டர் மறுபடி 20. தீபாவளி மாசம் ஊருக்குப் போன செலவுல வட்டி மட்டும்தான் கட்டினார். மீதி அஞ்சு மாசமும் 2,100 கட்டியிருக்கார். இப்போ பாக்கி 31,300 சொச்சம்.

"ரெண்டு மாசம் கோட்டை விட்டுட்டேனே சார்"னு வருத்தப்பட்டார். நான் சொன்னது: மூணு வருஷமா அசையாம இருந்த 40,000, ஏழு மாசத்துல கிட்டத்தட்ட 8,700 குறைஞ்சிருக்கு. சம்பளம் அதே 32,000. ஆர்டரும் முழுசா நிக்கல. வெள்ளிக்கிழமை பிரியாணி இன்னும் வருது. வரட்டும். 19ஐ ஜீரோ ஆக்கச் சொல்லி நான் கேக்கவே இல்ல. 19ஐ 8 ஆக்கினாலே அந்தச் செயின் வீட்டுக்கு வந்துடும்.

இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க்

1. யுபிஐ ஹிஸ்டரியைத் திறந்து, போன மாசம் ராத்திரி 9 மணிக்கு மேல எத்தனை ஆர்டர் போட்டீங்கன்னு எண்ணுங்க. அதுல பாதிதான் உங்க டப்பா எண்ணிக்கை. அதுக்கு மேல போகாதீங்க.

2. உங்க கடைசி மூணு பில்லோட சராசரியை எடுங்க. அதுல 55ஐக் கழிங்க. பக்கத்துல நல்ல மெஸ் இருந்தா அந்த விலையில இருந்து கழிங்க. எந்தக் கணக்கு உங்களோடதுன்னு தெரிஞ்சுடும்.

3. முதல் ஞாயிறு ஒரே ஒரு குழம்பு, 4 டப்பா மட்டும். நான் பண்ணின 20 டப்பா தப்பை நீங்க பண்ண வேண்டாம்.

4. சமைக்கறதுக்கு முன்னாடியே அந்த மிச்சம் எங்கே போகணும்னு முடிவு பண்ணுங்க. அடகு, கிரெடிட் கார்டு பாக்கி, அவசர நிதி, எதுவா இருந்தாலும் சரி. பேர் வைச்ச பணம் சீக்கிரம் தொலையாது.

இந்த 12 டப்பா காஸ்டிங் ஷீட்டை எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்கிரீன்லயே காட்டறேன். உங்க ஊர் விலையில ஒரு டப்பா எவ்வளவு வந்ததுன்னு கணக்கு போட்டு வைங்க, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கொண்டைக்கடலையை ஊற வைக்க மறக்காதீங்க.